கலத்தியா ஆறு

பெரிய நிக்கோபார் தீவின் முதன்மையான ஆறு கலத்தியா. நிக்கோபார் தீவுகளிலேயே உயரமான துலியர் மலை (642 மீட்டர்) இத்தீவின் வடபகுதியில் நிற்கிறது. நிலத்தின் சாய்வு தெற்கு நோக்கி இருப்பதால் கலத்தியாவும் மழைக்காடுகளின் ஊடே தெற்கே ஓடி, கலத்தியா விரிகுடாவில் கடலோடு சேர்கிறது. அலெக்சாண்ட்ரா, டோக்மார், அம்ரித் கௌர் ஆகியவை தீவின் பிற ஆறுகள்.

ஆற்றின் பெயர் ஒரு கப்பலிலிருந்து வந்தது. அந்த வரலாற்றில் நம் தரங்கம்பாடிக்கும் பங்குண்டு. 1756 முதல் டேனியர்கள் நிக்கோபாரை உரிமை கொண்டாடி, தரங்கம்பாடியிலிருந்து நிர்வகித்தார்கள். குடியேறியவர்களைக் காய்ச்சல் திரும்பத் திரும்பக் கொன்றது, குடியேற்றங்கள் நிலைக்கவில்லை. 1845-இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்ற டென்மார்க், அதே ஆண்டு ஸ்டீன் ஆண்டர்சன் பில்லே தலைமையில் 'கலத்தியா' என்ற போர்க்கப்பலை உலகப் பயணத்துக்கு அனுப்பியது. இந்தியக் குடியேற்றங்களின் ஒப்படைப்பை முடிப்பதும், நிக்கோபாரில் மீண்டும் குடியேற வழியுண்டா என்று ஆராய்வதும் அதன் பணிகளுள் அடங்கும். 1846-இல் கப்பல் நிக்கோபாருக்கு வந்தது. பின்னாளில் கிரீன்லாந்து ஆய்வுகளால் புகழ்பெற்ற ஹின்ரிச் ரிங்க், இப்பயணத்தில் நிலவியலாளராக இருந்து இத்தீவுகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். குடியேற்றம் மட்டும் கைகூடவில்லை. 1868-இல் டென்மார்க் உரிமையைக் கைவிட, மறு ஆண்டு ஆங்கிலேயர் தீவுகளை எடுத்துக்கொண்டனர். கப்பலின் பெயர் ஆற்றோடும் விரிகுடாவோடும் தங்கிவிட்டது.

கலத்தியா கிரேக்கப் புராணத்தின் கடல்மங்கை. பிக்மேலியன் என்ற சிற்பி செதுக்கி உயிர்பெற்ற சிலைக்கும் பிற்காலத்தார் இட்ட பெயர் இதுவே. விரிகுடாவுக்குத் தெற்கேயுள்ள நிலமுனை முன்பு பிக்மேலியன் முனை எனப்பட்டது. 1985-இல் இந்திரா முனை ஆயிற்று. இப்படிக் கரைக்குக் கரை பெயர் சூட்டிய நிலப்படங்களில், இந்தக் காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் ஷொம்பென் மக்களின் இடப்பெயர்களுக்கு உரிய இடம் கிடைக்காதது பெரிய குறை.

உவர்நீர் முதலைகள் வாழும் ஆறு இது. முகத்துவார மணற்பரப்பில் தோல்முதுகுக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. உலகின் மிகப்பெரிய ஆமையினம் இதுவே. கடினமான ஓட்டுக்குப் பதில் தோல் போர்த்த முதுகு, நீளவாக்கில் ஏழு வரிமேடுகள். இரவில் கரையேறும் பெட்டை, பின்துடுப்புகளால் ஆழக் குழி பறித்து முட்டையிட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும்.

2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தீவின் தென்முனை 4 மீட்டருக்கும் மேல் தாழ்ந்தது. ஆழிப்பேரலை முட்டையிடும் கடற்கரையை அழித்தது. மணல் மெல்லச் சேர, ஆமைகளும் திரும்பி வந்தன. ஆற்றின் பெயர் தாங்கிய கலத்தியா தேசியப் பூங்கா 1992-இல் அறிவிக்கப்பட்டது. முகத்துவாரத்தை ஒட்டிய கலத்தியா விரிகுடா வனவிலங்குச் சரணாலயமோ 2021 ஜனவரியில் அந்தத் தகுதியை இழந்தது. அங்கே சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம் அமைக்கும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. ஆமைகள் கரையேறும் அதே விரிகுடாவில்தான் துறைமுகமும் அமையவிருக்கிறது என்பதால், கடலுயிர் ஆய்வாளர்கள் இத்திட்டத்தைக் கடுமையாக எதிர்க்கின்றனர்.