புரதச் சுருளும் எழுத்து வரிசையும்

இருபது வகை அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்பெற்ற தொடரே புரதம். ஒவ்வோர் அமிலத்தையும் ஓர் எழுத்தால் குறிப்பது அறிவியலார் வழக்கு. எவ்வெழுத்து வரிசை சுருளாக அமையும் என்னும் வினாவுக்கு விடை தேடிய வரலாறு மொழியியலார்க்கும் பயன் தருவதாகும்.

1951இல் பாலிங், கோரி, பிரான்சன் ஆகியோர் ஆல்ஃபா சுருளின் அமைப்பை முன்மொழிந்தனர். ஒரு சுற்றில் 3.6 அமிலங்கள் அமையும். ஒவ்வோர் அமிலமும் தனக்குப்பின் நான்காவதாக உள்ள அமிலத்தோடு ஹைட்ரஜன் பிணைப்புக் கொள்ளும். இவ்விளக்கம் எல்லா அமிலங்களுக்கும் பொதுவான முதன்மைச் சங்கிலியைப் பற்றியது. எவ்வமிலம் எங்கு வரும் என்பதை அது கூறவில்லை. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோர் அச்சங்கிலி திரும்பக்கூடிய கோணங்களை வரையறுத்துப் படமாக்கினர்.

1974இல் சௌ, பாஸ்மன் இருவரும் வடிவம் அறியப்பட்ட 15 புரதங்களை ஆராய்ந்து, ஒவ்வோர் அமிலத்தின் சுருள்நாட்டத்தையும் எண்ணால் அளந்தனர். குளுட்டாமிக் அமிலம், அலனின், லூசின் ஆகியன சுருளில் மிகுதியாகப் பயில்வன. கிளைசீனும் புரோலினும் அதனைக் குலைப்பன. கிளைசீன் மிகவும் நெகிழ்வது. புரோலினோ இறுகியது, பிணைப்புக்குரிய ஹைட்ரஜனும் அற்றது.

ஆயினும் எழுத்தின் தனியியல்பு மட்டும் போதவில்லை. ஒரே ஐந்தமிலத் தொடர் வெவ்வேறு புரதங்களில் வெவ்வேறு வடிவம் கொள்ளுதலை 1984இல் காப்ஷ், சாண்டர் ஆகியோர் காட்டினர். 1988இல் ஜேன் ரிச்சர்ட்சனும் டேவிட் ரிச்சர்ட்சனும் சுருளின் இரு எல்லைகளையும் ஆராய்ந்தனர். தொடக்க எல்லையில் அஸ்பராஜின் மிகுதியாக வருகிறது. முடிவை அடுத்துக் கிளைசீன் வருகிறது. இடையில் சுருளைக் குலைக்கும் புரோலின், முதற்சுற்றில் இயல்பாக இடம்பெறுகிறது. மொழிமுதல் எழுத்துகளையும் மொழியிறுதி எழுத்துகளையும் தொல்காப்பியம் தனித்தனியே வரையறுத்திருத்தல் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. எனினும், மொழியின் வரையறை வழக்கால் அமைந்தது; புரதத்தின் வரையறை அணுக்களின் விசையால் அமைந்தது. இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

1996இல் மைனர், கிம் இருவரும் 11 அமிலங்கள் கொண்ட ஒரே தொடரை ஒரு சிறு புரதத்தின் ஈரிடங்களில் தனித்தனியே பொருத்தினர். ஓரிடத்தில் அது சுருளாயிற்று. மற்றோரிடத்தில் பீட்டா இழையாயிற்று. 2020இல் நடந்த கணிப்புப் போட்டியில் முதன்மை பெற்ற ஆல்ஃபாஃபோல்டு, முழுத்தொடரையும் அதற்கு உறவான தொடர்களையும் ஒருங்கே நோக்கியே வடிவத்தைக் கணித்தது. அதனை உருவாக்கிய ஹசாபிஸ், ஜம்பர் இருவரும் 2024இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

எழுத்துக்கு நாட்டம் உண்டு. வடிவத்தை முடிவுசெய்வன இடமும் சூழலுமே என்பது இவ்வரலாற்றால் பெறப்படும் உண்மையாகும்.