வலியின் அளவை அறிந்த வரலாறு

முள் தைத்தாலும் வலிக்கின்றது. எலும்பு முறிந்தாலும் வலிக்கின்றது. இரண்டும் ஒன்றல்ல என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆயின், இவ்வேறுபாட்டை நரம்பு எவ்வாறு மூளைக்கு உரைக்கின்றது என்னும் வினாவிற்கு விடை காண, அறிஞர்கள் நெடுங்காலம் உழைக்க வேண்டியிருந்தது.

பிரெஞ்சு மெய்யியலறிஞர் டேக்கார்ட்டின் மறைவுக்குப் பின், 1664இல் பிரெஞ்சு மொழியில் வெளிவந்த அவரது நூலில், நெருப்பருகே கால் நீட்டிய ஒருவனின் படம் உண்டு. கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் மறு முனையில் மணி ஒலிப்பது போன்றதே நரம்பின் செயல் என்றார் அவர். பள்ளி மணியோடு வாழும் எம்மனோர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். ஓங்கி இழுத்தால் ஓங்கி ஒலிக்கும் என்றுதானே எண்ணத் தோன்றும்?

உண்மை அதுவன்று. 1926இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியனும் சுவீடன் நாட்டு சோட்டர்மனும் தவளையின் தசையில் எடைகளைத் தொங்கவிட்டு, ஒற்றை நரம்பிழையின் மின் துடிப்புகளைப் பதிவு செய்தனர். எடை கூடியபோது துடிப்பு பெரிதாகவில்லை. அடுத்தடுத்து விரைந்து வந்தது. மணியின் ஓசை மாறுவதில்லை. அடிக்கும் எண்ணிக்கையே மாறுகின்றது! ஏட்ரியன் 1932இல் ஷெரிங்டனுடன் நோபல் பரிசு பெற்றார். வலியிழைகளும் இம்முறையையே பின்பற்றுகின்றன. துடிப்புகள் மிகுவதோடு, எத்தனை இழைகள் விழித்தெழுகின்றன என்பதும் வலியின் அளவைக் கூட்டுகின்றது.

இழைகளும் ஒரே தன்மையன அல்ல. கால்விரல் கல்லில் இடறினால் முதலில் சுரீரென ஒரு வலியும், சற்றுப் பின்னர் மெல்லப் பரவும் மற்றொரு வலியும் தோன்றுவதை நாம் அறிவோம். முன்னதை உறையுடைய மெல்லிய இழைகள் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் விரைவிலும், பின்னதை உறையற்ற இழைகள் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் விரைவிலும் கொண்டு செல்கின்றன. இவ்விழை முனைகள் மெல்லிய தொடுகைக்கு விழிப்பதில்லை. ஏறத்தாழ 43 பாகை செல்சியசு வெப்பத்தில் திறக்கும் வாயில் ஒன்று அவற்றில் உண்டென்றும், மிளகாயின் காரப்பொருளும் அதே வாயிலைத் திறக்கின்றதென்றும் டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் கண்டனர். மிளகாய் கடித்தால் 'நாக்கு எரிகிறது' என்று நம் பாட்டிமார் சொல்லி வந்தது வெறும் உவமையன்று போலும்.

எனினும், துடிப்புகளை எண்ணிவிட்டால் வலி அளக்கப்பட்டதாகாது. 1944இல் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் பீச்சர், கடுங்காயமுற்ற வீரருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வலிநீக்கி மருந்தை வேண்டவில்லை என்று 1946இல் எழுதினார். சிறு சிராய்ப்புக்கு இத்தனை அழுகையா எனப் பிள்ளையைக் கடியும் பெரியோர் இச்செய்தியை எண்ணிப் பார்க்கலாம். 1965இல் மெல்சாக், வால் இருவரும் தண்டுவடத்தில் ஒரு 'கதவு' உண்டென விளக்கினர். தொடு உணர்வும் மூளையின் கட்டளையும் அக்கதவை ஓரளவு மூடக்கூடும். இடித்த முழங்காலைத் தேய்த்துவிட்டால் வலி தணிவது இதனாலேயாம். அக்கொள்கையின் நுணுக்கங்கள் பின்னர்த் திருத்தப்பட்டன, அடிப்படை நிலைத்தது.

வலியைச் சொல்லத் தெரியாத பச்சிளங்குழந்தைகளின் நிலைதான் இரங்கத்தக்கது. அவர்களின் நரம்புகள் முதிராதவை, ஆதலால் வலி பெரிதன்று எனக் கருதி, போதிய வலிநீக்கியின்றியே அறுவை செய்யும் வழக்கம் 1980கள் வரை பல மருத்துவமனைகளில் இருந்தது. 1987இல் ஆனந்த் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும், குறைமாதக் குழந்தைகளின் இதய அறுவையில் வலிநீக்கி சேர்த்தும் சேர்க்காமலும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். மருந்து பெறாத குழந்தைகளின் குருதியில் அதிர்ச்சிச் சுரப்புகள் மிகுந்து காணப்பட்டன. அறுவைக்குப் பிந்தைய சிக்கல்களும் அவர்களிடமே மிகுந்திருந்தன.