முகமூடியைக் கழற்றும் மாலை



நமக்குத் தவக்காலம் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பலோடு அமைதியாகத் தொடங்குகிறது. பல்கேரியா நாட்டின் பல கிராமங்களில் தவக்காலத்தின் வாசலில் கேட்பது காதைப் பிளக்கும் மணியோசை. கோயில் மணி அல்ல. மாட்டுக்கும் ஆட்டுக்கும் கட்டும் மணிகளை இடுப்பில் வரிசையாகக் கட்டிக்கொண்டு, ஆட்டுத்தோல் போர்த்தி, மரத்திலும் தோலிலும் செய்த முகமூடி மாட்டி, ஆண்கள் கூட்டமாகத் தெருவில் குதித்து வருவார்கள். அந்த மணிகளின் எடை மட்டும் சில ஊர்களில் பல பத்துக் கிலோ இருக்கும். அதைச் சுமந்துகொண்டு நடப்பதே பெரும்பாடு, இவர்களோ குதிக்கிறார்கள். எவ்வளவு உயரம் குதிக்கிறார்களோ அவ்வளவு உயரம் கோதுமை வளரும் என்பது அந்த ஊர்களின் பழைய நம்பிக்கை.

இவர்களுக்குக் 'குக்கேரி' என்று பெயர். இது பெரும்பாலும் நாட்டின் கிழக்கிலும் தெற்கிலும் வழங்கும் பெயர். மேற்கே பெர்னிக் பகுதியில் இவர்கள் 'சுர்வாக்காரி'. அங்கே வேடம் கட்டுவது தவக்காலத்துக்கு முன் அல்ல, பழைய நாட்காட்டியின் புத்தாண்டான ஜனவரி 13, 14 தேதிகளில். நாம் இன்று பார்க்கப்போவது தவக்காலத்தை ஒட்டி வரும் குக்கேரிகளை.

அதற்கு முன் அவர்களுடைய நாட்காட்டியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பல்கேரிய மக்களில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குத் திருநீற்றுப் புதன் கிடையாது. தவக்காலம் திங்கட்கிழமையே தொடங்கிவிடும். ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டுவிடுவதில்லை, படியிறங்குவதுபோல் இறங்குகிறார்கள். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு எட்டு வாரங்களுக்கு முந்திய ஞாயிறோடு இறைச்சிக்கு விடை. அடுத்த ஞாயிறோடு பால், முட்டை, பாலாடைக்கட்டி எல்லாவற்றுக்கும் விடை. அந்த இரண்டாம் ஞாயிற்றுக்குப் பெயர் 'சிர்னி சகோவெஸ்னி'. 'சிரெனே' என்பது அவர்கள் அன்றாடம் உண்ணும் வெள்ளைப் பாலாடைக்கட்டி. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், பாலாடைக்கட்டியை வழியனுப்பும் ஞாயிறு. சில ஊர்களில் குக்கேரிகள் அன்றைக்கே வருகிறார்கள். திரேஸ் சமவெளியில் மறுநாள் திங்கட்கிழமை வருகிறார்கள். அந்தத் திங்களுக்கே 'குக்கேரித் திங்கள்' என்று பெயர் வந்துவிட்டது.

கூட்டத்தில் எல்லாரும் தோல் போர்த்திய உருவங்கள் அல்ல. மணப்பெண் உண்டு, சேலை மாற்றாக அந்த ஊர்ப் பெண்களின் உடை உடுத்திய இளைஞன்தான் மணப்பெண். முதுகில் கூனோடு ஒரு கிழவி, கரடியும் கரடியாட்டியும், வரி வசூலிப்பவன், அரசன் என்று ஒரு நாடகக் குழுவே வரும். பல்கேரியா ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டு ஒட்டோமான் ஆட்சியின் கீழ் இருந்தது. வரி கேட்டு வருபவனைப் பார்த்து நிஜத்தில் சிரிக்க முடியாத மக்கள், ஆண்டில் ஒரு நாள் வேடத்தில் அவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். வீடு வீடாக வரும் இந்தக் கூட்டத்துக்கு வீட்டார் முட்டையும் மாவும் திராட்சை இரசமும் கொடுப்பார்கள்.

கடைசியில் எல்லாரும் ஊர் நடுவே கூடுவார்கள். அங்கே ஒரு மரக்கலப்பை. மாட்டுக்குப் பதில் குக்கேரிகளே நுகத்தில் பூட்டப்படுவார்கள். அரசன் கலப்பையைப் பிடித்து உழுவான். உழுத இடத்தில் தானியம் தூவி, ஊருக்கு நல்ல விளைச்சல் வேண்டும் என்று வாழ்த்துவான். சில ஊர்களில் இதன் நடுவே ஒருவன் அடிபட்டுச் செத்து விழுவான். சுற்றி நிற்பவர்கள் அழுவதுபோல் நடிப்பார்கள். அவன் திடீரென்று எழுந்து நிற்பான். குளிர்காலத்தில் செத்த மண் வசந்தத்தில் எழுகிறது என்று இதற்குப் பொருள் சொல்கிறார்கள். தவக்காலத்தின் மறுமுனையில் வேறொரு எழுதல் காத்திருக்கிறது என்பது அந்த மக்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

இந்த வழக்கம் எவ்வளவு பழையது? 1906-ஆம் ஆண்டு டாக்கின்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர், இன்று துருக்கியில் இருக்கும் விசே ஊர்ப் பக்கத்துக் கிரேக்கக் கிராமங்களில் இதைப் போன்ற சடங்கைப் பார்த்து எழுதினார். இது பண்டைக் காலத்தில் திராட்சைத் தெய்வமான தியோனிசுவுக்கு எடுத்த விழாவின் மிச்சம் என்பது அவர் கருத்து. அதற்குப் பின் வந்த பலரும் அதையே திரும்பச் சொன்னார்கள். நான் அவ்வளவு அவசரப்பட மாட்டேன். இடையில் கிடக்கும் நூற்றாண்டுகள் மிகப் பல. உழுது பிழைக்கும் மக்கள் விதைப்புக்கு முன் உழுவதுபோல் நடித்துப் பார்க்க ஒரு பழைய தெய்வத்தின் உதவி கட்டாயம் தேவை என்றும் இல்லை.

ஆனால் ஒன்று உறுதி. கீழைத் திருச்சபையின் ஆயர்கள் முகமூடிகளை விரும்பவில்லை. 691-692 ஆண்டுகளில் கான்ஸ்டாண்டிநோபிள் அரண்மனையில் கூடிய சங்கம் தனது 62-ஆம் விதியில், பழைய சனவரி விழாக்களையும், ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் உடுத்துவதையும், நகைச்சுவை, சோக நாடக முகமூடிகள் அணிவதையும், திராட்சை பிழியும்போது தியோனிசுவின் பெயரைச் சொல்வதையும் தடை செய்தது. மீறும் குரு பதவி இழப்பார். பொதுநிலையினர் திருச்சபையின் உறவிலிருந்து விலக்கப்படுவார்கள். கடுமையான தண்டனைதான். விதி எழுதி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இளைஞன் இன்னும் மணப்பெண் வேடம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறான்.

அந்தச் சங்கம் நடந்தபோது பல்கேரியர் இன்னும் திருமுழுக்குப் பெறவில்லை. அவர்களுடைய அரசர் போரிஸ் 864-ஆம் ஆண்டு வாக்கில் திருமுழுக்குப் பெற்றார். மக்களையும் பெறச் செய்தார். பழைய சமயத்தை விட மனமில்லாத பிரபுக்கள் கலகம் செய்தார்கள். போரிஸ் அதை அடக்கினார். கலகத் தலைவர்களை மட்டும் அல்ல, அவர்களுடைய பிள்ளைகளையும் வாளுக்கு இரையாக்கினார். பிறகு 866-இல் உரோமையில் இருந்த திருத்தந்தை முதலாம் நிக்கோலாசுக்குத் தூதர்களை அனுப்பி நீண்ட பட்டியலாகக் கேள்விகள் கேட்டார். திருத்தந்தை அனுப்பிய பதில் 106 பகுதிகள் கொண்டது. அது இன்றும் நம் கையில் இருக்கிறது.

கேள்விகள் எல்லா வகையிலும் உண்டு. எந்தெந்த நாளில் இறைச்சி உண்ணக் கூடாது? போருக்குக் குதிரைவாலைக் கொடியாகத் தூக்கிச் செல்கிறோமே, இனி எதைத் தூக்குவது? சிலுவையை என்று பதில் வந்தது. கால்சட்டை அணியலாமா என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். அதற்குத் திருத்தந்தையின் பதில் எனக்கு மிகவும் பிடித்தது: அது தேவையில்லாத கேள்வி, உங்கள் வெளி உடை மாற வேண்டும் என்பது எம் விருப்பம் அல்ல, உள் மனிதனின் நடத்தை மாற வேண்டும் என்பதே என்ற கருத்தில் எழுதினார். முகமூடியைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், கான்ஸ்டாண்டிநோபிள் ஆயர்களைப்போல் அவரும் கடிந்துகொண்டிருப்பாரோ, கால்சட்டைக்குச் சொன்ன பதிலையே சொல்லியிருப்பாரோ!

ஆனால் பதினேழாம் பதிலுக்கு வரும்போது அந்த இலகுவான தொனி போய்விடுகிறது. போரிஸ் கேட்டது இதைத்தான்: கலகக்காரரைக் கொன்றதில் நான் பாவம் செய்தேனா? திருத்தந்தை மழுப்பவில்லை. தந்தையரின் சதியில் பங்கில்லாத பிள்ளைகளைக் கொன்றது பாவமே என்றார். ஆயினும் அறியாமையாலும் புதிய விசுவாசத்தின் ஆர்வத்தாலும் செய்ததால், தவம் செய்தால் இரக்கம் கிடைக்கும் என்றும் எழுதினார். வெற்றி பெற்ற ஓர் அரசன், யாரும் கேட்காதபோது, தானாகவே எழுதிக் கேட்டிருக்கிறான். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது. போரிஸ் சில ஆண்டுகளில் கான்ஸ்டாண்டிநோபிளின் பக்கமே திரும்பிவிட்டார். பல்கேரியத் திருச்சபையும் அந்த வழியே போயிற்று. இன்று அவரை அவர்கள் புனிதராக வணங்குகிறார்கள்.

பின்வந்த காலத்தை விரைவாகக் கடந்துவிடுவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த கம்யூனிஸ்ட் ஆட்சி, குக்கேரிகளை நாட்டுப்புறக் கலையாக மேடையேற்றியது. தவக்காலத்தோடு இருந்த தொடர்பைப் பற்றிப் பேசவில்லை. பெர்னிக் நகரில் முகமூடித் திருவிழா 1966-இல் தொடங்கியது. 2015-இல் பெர்னிக் பகுதி வழக்கத்தை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே வீடு வீடாகச் சேர்த்த பொருளை அனாதைப் பிள்ளைகளுக்கும் ஏழைகளுக்கும் கொடுத்துவிடுகிறார்கள்.

பல்கேரியாவில் நம் கத்தோலிக்கரும் உண்டு, சிறு மந்தைதான். பின்னாளில் திருத்தந்தை 23-ஆம் யோவான் ஆன ரொன்காலி, 1925 முதல் 1934 வரை உரோமையின் பிரதிநிதியாக இந்த மந்தையோடு வாழ்ந்தார். புளோவ்டிவ் அருகே ரக்கோவ்ஸ்கி என்ற ஊரில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். அங்கும் வேடம் கட்டும் விழா உண்டு; 'குக்கோவே' என்பார்கள். அதை நம் தவக்காலக் கணக்குப்படி, திருநீற்றுப் புதனுக்கு முன் நடத்துகிறார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே 6 அன்று அந்த ஊர்த் திருஇருதயக் கோயிலில் 245 சிறுவர் சிறுமியருக்குப் புதுநன்மை கொடுத்தார்.

இவ்வளவும் தெருவில் நடப்பது. அந்த ஞாயிற்றுக்கு இன்னொரு பெயர் உண்டு: 'புரோஷ்கா', அதாவது மன்னிப்பு. பகலில் ஊரை விட்டுத் தீமையை விரட்ட மணி அடிக்கலாம். வீட்டுக்குள் இருக்கும் மனத்தாங்கலை மணி அடித்து விரட்ட முடியாது. அதனால் மாலையில் இளையவர்கள் பெரியவர்களின் வீட்டுக்கு நடந்து போகிறார்கள். மணமானவர்கள் பெற்றோரிடமும், தங்கள் திருமணத்தில் ஞானப் பெற்றோராக நின்றவர்களிடமும் போவார்கள். கையை முத்தமிட்டு, "என்னை மன்னித்துவிடுங்கள்" என்பார்கள். "கடவுள் மன்னிக்கட்டும், உனக்கு மன்னிப்பு உண்டு" என்பது பெரியவர்களின் பதில். முகமூடியோடு இதைக் கேட்க முடியாது. குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வருவது நம்மில் பலருக்கு எளிது. மாமியாரிடமோ உடன்பிறந்தவரிடமோ போய் இந்த ஒரு வரியைச் சொல்வதுதான் கால் வராத வேலை.

அன்று காலை அவர்களுடைய கோயிலில் வாசிக்கும் நற்செய்தி மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் 14-ஆம் வசனம் முதல் 21 வரை. பிறருடைய குற்றங்களை நாம் மன்னித்தால் வானகத் தந்தை நம்மை மன்னிப்பார் என்ற இடத்திலிருந்து அது தொடங்குகிறது. திருநீற்றுப் புதனன்று நாமும் அதே அதிகாரத்தைத்தான் வாசிக்கிறோம்: தர்மம், செபம், நோன்பு. ஆனால் நம் வாசகம் 6-ஆம் வசனத்திலிருந்து 16-க்குத் தாவிவிடுகிறது. அந்த மன்னிப்பு வசனங்கள் இடைவெளியில் நின்றுவிடுகின்றன. வரும் புதன்கிழமை, கோயிலுக்கு வரும் முன் வீட்டில் அந்த இரண்டு வசனங்களையும் எடுத்து வாசித்துப் பாருங்கள்.

மன்னிப்புக் கேட்டு முடிந்ததும் சாப்பாடு. பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட 'பானித்சா', அவித்த முட்டை, வெள்ளை அல்வா. மேசைக்கு மேலே சிவப்பு நூலில் ஓர் அல்வாத் துண்டையோ முட்டையையோ கட்டித் தொங்கவிட்டு ஆட்டுவார்கள். பிள்ளைகள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயாலேயே அதைக் கவ்வ வேண்டும். வாய் நிறைய அல்வா ஒட்டிக்கொள்ள, சற்று முன் கண்ணைத் துடைத்துக்கொண்ட பாட்டியும் சேர்ந்து சிரிப்பார். ஆட்டம் முடிந்ததும் அந்தச் சிவப்பு நூலைக் கொளுத்தி, அது எப்படி எரிகிறது என்று எல்லாரும் குனிந்து பார்ப்பார்கள்.