லாஹர் ஏரி: நீருக்கு அஞ்சிய துறவிகள்

ஜேர்மனியின் ஐஃபெல் மலைநாட்டிலுள்ள லாஹர் ஏரியின் சுற்றுப்பாதை ஏறத்தாழ 8 கிலோமீற்றர். குளிர்காலப் பகலொன்றில் அதனை நடந்து முடித்தேன். இலையுதிர்ந்த மரங்களினூடே நீர்ப்பரப்பு முழுவதும் தெரிந்தது.

சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன்னர் இங்கு வெடித்த எரிமலையின் சாம்பல் சுவீடன் வரை படிந்தது. அப்போது நிலம் அமிழ்ந்து உண்டான பள்ளமே இந்த ஏரி.

1093ஆம் ஆண்டு இதன் கரையில் மரியா லாஹ் துறவிமடம் நிறுவப்பட்டது. ஏரிக்கு இயற்கையான வடிகால் இல்லாமையால், பெருகிய நீர் மடத்தை அச்சுறுத்தியது. 12ஆம் நூற்றாண்டில், மடாதிபதி ஃபுல்பெர்ட் காலத்தில், துறவிகள் மலையைக் குடைந்து சுரங்க வாய்க்கால் அமைத்து நீர்மட்டத்தைத் தாழ்த்தினர்.

கிழக்குக் கரையோரம் நீரினுள்ளிருந்து குமிழிகள் எழுவதைக் கண்டேன். எரிமலையின் ஆழத்திலிருந்து வரும் காபனீரொட்சைட்டு வாயு அது. 2013 முதல் இப்பகுதியின் அடியாழத்தில் மெல்லிய அதிர்வுகளும் பதிவாகியுள்ளன.

கண்முன் பெருகிய நீருக்கு அஞ்சிய துறவிகள், காலடியில் உறங்கிய நெருப்பை அறிந்திலர். மனிதர் தமக்குத் தெரிந்த அபாயத்துடனேயே போராட முடியும். அதற்காக அவர்களது உழைப்பைச் சிறிதென்று கொள்ளலாகாது. நான் நடந்த கரையோரம் அவர்கள் குடையுமுன் ஏரிக்குள் கிடந்த நிலம்.