லடாக்கில் வெயிலால் சூடாகும் குடும்ப வீடு: வடிவமைப்பு குறித்த ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில், வடக்கு அட்சரேகை 34 டிகிரியில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் குளிர் மைனஸ் 20 டிகிரி வரை இறங்குவதுண்டு. ஆனால் பகலில் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். ஆண்டு மழையே 100 மில்லிமீட்டர் அளவுதான். கடுங்குளிரும் நல்ல வெயிலும் இப்படி ஒருசேர வாய்த்த ஊர்கள் அதிகமில்லை. இருந்தும், காய்ந்த சாணத்தையும் வில்லோ, பாப்லர் விறகையும் எரித்து, குடும்பம் முழுவதும் ஒரே சமையலறையில் புகைக்கு நடுவே குளிர்காலத்தைக் கழிப்பதுதான் அங்கே நெடுநாள் வழக்கம்.

விசிறியோ பம்போ இல்லாமல், கட்டடமே வெயிலை வாங்கித் தேக்கி, பிறகு மெல்லத் திருப்பித் தரும் முறையைப் பொறியாளர்கள் 'பாசிவ் சோலார்' என்கிறார்கள். அம்முறையில் லேயில் ஒரு குடும்ப வீட்டை வடிவமைப்பது எப்படி என்பதே இங்கு ஆய்வுப் பொருள். எவ்வளவு வெப்பம் கிடைக்கும் என்று கணக்கிடுவதற்கு முன், எந்த அறைக்கு எந்த நேரத்தில் வெப்பம் வேண்டும் என்று கேட்க வேண்டும். வீட்டின் மற்ற முடிவுகளெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்துதான் வருகின்றன என்பது என் துணிபு.

2. கதிரின் கோணம்

டிசம்பர் 21 நண்பகலில் லேயில் சூரியன் தெற்கே சுமார் 32 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஜூன் 21 அன்று 79 டிகிரி. தெற்குச் சன்னலின் மேல்விளிம்பில் 45 சென்டிமீட்டர் நீளும் சன்ஷேடு ஒன்றை வைத்துப் பார்ப்போம். ஜூன் நண்பகலில் அதன் நிழல் சுவரில் ஏறத்தாழ 2.4 மீட்டர் கீழே இறங்கும். முழுச் சன்னலும் மறைந்துவிடும். டிசம்பரில் அதே சன்ஷேட்டின் நிழல் 30 சென்டிமீட்டரைக்கூடத் தொடாது. எந்தப் பொறியும் இல்லாமல் வீடு பருவத்தைப் பிரித்தறிந்துகொள்கிறது.

மார்ச்சும் செப்டம்பரும்தான் இடறும் இடம். சூரியன் இரண்டிலும் ஒரே உயரத்தில் இருக்கும். ஆனால் மார்ச்சில் லே இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கும், செப்டம்பரில் அவ்வளவு குளிர் இருக்காது. நிலையான சன்ஷேடு இந்த வேறுபாட்டை அறியாது. அதற்குத் திரையை இழுத்துவிடும் மனிதக் கை வேண்டும்.

தெற்குச் சன்னல் என்றதும் தென்றலை நினைக்கும் தமிழ் வாசகர்கள் இங்கே அதை அடுப்பாக நினைத்துக்கொள்ள வேண்டும். சென்னையில் ஜூன் நண்பகலில் சூரியன் சற்று வடக்கே சாய்ந்து நிற்பதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

மனை தேர்வில் ஒரே ஒரு விதியை வற்புறுத்துவேன்: அடித்தளம் தோண்டும் முன் டிசம்பரில் மனைக்குப் போய், எதிர் மலைமுகட்டைத் தாண்டி வெயில் எத்தனை மணிக்கு வருகிறது, எப்போது மறைகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பள்ளத்தாக்கில் இரண்டு மணி நேர வெயிலை மலை விழுங்கிவிட்டால் எந்தக் கண்ணாடியாலும் அதை ஈடுகட்ட முடியாது.

3. தேக்கும் சுவர்

வெயிலைச் சன்னல் வழியே நேராக உள்ளே விடலாம். வீட்டோடு ஒட்டிய கண்ணாடிக் கூடத்தில் பிடிக்கலாம். அல்லது ட்ராம்ப் சுவரில் தேக்கலாம். இந்தச் சுவரின் கருத்துக்கு அமெரிக்காவில் எட்வர்ட் மோர்ஸ் 1881இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். 1967இல் பிரான்சின் பிரனீஸ் மலையில் ஓதெய்யோ என்ற ஊரில் ஃபெலிக்ஸ் ட்ராம்பும் கட்டடக் கலைஞர் ஜாக் மிஷேலும் கட்டிய வீட்டால்தான் அது புகழடைந்தது.

கறுப்புப் பூசிய தெற்குச் சுவர். அதன் முன்னே சிறு இடைவெளி விட்டுக் கண்ணாடி. சுவரின் வெளிமுகத்தில் பட்ட நண்பகல் வெப்பம் 30 சென்டிமீட்டர் பச்சைச் செங்கல்லைக் கடந்து உள்முகத்துக்கு வரச் சுமார் 10 மணி நேரம் ஆகும். அதாவது, குடும்பம் படுத்துறங்கும் வேளையில் சுவர் வெதுவெதுப்பாக இருக்கும். 3 மீட்டர் அகலம், 2.2 மீட்டர் உயரமுள்ள அத்தகைய சுவர் 10 டிகிரி குளிரும்போது ஏறத்தாழ 8 யூனிட் மின்சாரத்துக்கு நிகரான வெப்பத்தை வெளிவிடும். ஒரு கிலோவாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் ஓடுவதுபோல. அதில் ஒரு பகுதி கண்ணாடி வழியே வெளியே போய்விடும் என்பதையும் மறக்கக் கூடாது.

சுவரின் மேலும் கீழும் துளை வைத்தால் பகலிலேயே சூடான காற்று உள்ளே வரும். ஆனால் இரவில் துளைகளை மூட மறந்தால் காற்று எதிர்த்திசையில் சுழன்று அறையைக் குளிர்விக்கும். படுக்கையறைச் சுவருக்குத் துளையே வேண்டாம் என்பேன்.

4. அறைகளும் நேரங்களும்

பாட்டி வெயில் காய்வதும், பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் பாடம் படிப்பதும், சமையல் நடப்பதும் பகலில். இவை நடக்கும் அறைக்கு நேரடிச் சன்னலோ கண்ணாடிக் கூடமோ பொருந்தும். படுக்கையறைக்கு ட்ராம்ப் சுவர். சேமிப்பறை, படிக்கட்டு, கழிப்பறை எல்லாம் வடக்கே போய்க் குளிரை முதலில் வாங்கிக்கொள்ளட்டும். சாமி அறை அங்கே பெரும்பாலும் மேல்தளத்தில் இருக்கும். அந்த மரபை மாற்றச் சொல்ல ஒரு காரணமும் இல்லை.

கண்ணாடிக் கூடத்தில் குளிர்காலத்திலும் கீரை வளரும். கோடையில் அதுவே வீட்டை வேகவைத்துவிடும். லேக்கு அருகே ஃபே கிராமத்தில் உள்ள செக்மோல் என்ற கல்வி அமைப்பின் வளாகத்தில் தெற்கு முகப்பின் பிளாஸ்டிக் தாளைக் குளிர்காலத்தில் மட்டும் கட்டுகிறார்கள். எளிமையான, பழுதில்லாத தீர்வு.

5. இரவு இழப்பு

பலரும் சறுக்குவது இங்கேதான். உள்ளே 15 டிகிரி, வெளியே மைனஸ் 20 என்றால், ஒற்றைக் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 வாட் இழக்கும். 6 சதுர மீட்டர் சன்னல் 14 மணி நேர இரவில் இழப்பது சுமார் 17 யூனிட்; மேலே சொன்ன சுவர் தேக்கியதைப் போல் இருமடங்கு. பெரிய கண்ணாடி பெரிய வீட்டழகு என்று நம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். இரட்டைக் கண்ணாடி இழப்பைப் பாதியாக்கும். பொழுது சாய்ந்ததும் இழுத்துவிடும் கனத்த திரை இன்னும் குறைக்கும்.

வடக்கு, கிழக்கு, மேற்குச் சுவர்களுக்கு வெளிப்புறம் இன்னொரு சுவர் எழுப்பி, இடையில் வைக்கோலோ மரத்தூளோ அடைக்கலாம். கனமான மண்சுவர் உள்ளே, காப்பு வெளியே: இந்த வரிசை மாறினால் சுவரில் தேங்கிய வெப்பம் குடும்பத்துக்கு உதவாது.

6. மண்ணின் வலுவும் நலிவும்

ஆகஸ்ட் 2010இல் லேயைத் தாக்கிய மேகவெடிப்பில் பல மண்வீடுகள் இடிந்து உயிர்கள் போயின. மழை குறைவு என்பதற்காகக் கல் பீடத்தையும் கூரை விளிம்பையும் சிக்கனப்படுத்தலாகாது. நிலநடுக்கம் வரக்கூடிய நிலமும்கூட; தெற்கே அதிகம் திறந்த சுவருக்கு மரச்சட்டங்களால் நாற்புறக் கட்டு அவசியம்.

7. கையில் பணம் குறைவாக இருந்தால்

முழு வீட்டையும் ஒரே ஆண்டில் மாற்ற எல்லாராலும் முடியாது. அப்போது மாலையில் குடும்பம் கூடும் ஓர் அறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முதல் செலவு அதன் கூரையில் வில்லோக் குச்சிகளுக்கு மேல் இடும் வைக்கோல் அடுக்குக்கு. அடுத்து வடக்குச் சுவருக்கும் கதவிடுக்குகளுக்கும். தெற்குக் கண்ணாடியை மறு ஆண்டு வைத்துக்கொள்ளலாம்.