நாகர்கோவில் ரேந்தைப் பள்ளி

ரேந்தை என்பது நூலை முறுக்கியும் பின்னியும் செய்யும் பூவேலைக் கரை. சொல் போர்த்துக்கீசிய வழியாக வந்தது; நாஞ்சில் நாட்டில் இன்றும் புழக்கத்தில் உண்டு. மடியில் ஒரு திண்டு, அதன்மேல் பூ வரைந்த தாள், கோடு நெடுக ஊசிகள். சிறு கட்டைகளில் சுற்றிய நூலை ஊசிகளைச் சுற்றி மாற்றி மாற்றிப் போட வேண்டும். கண்ணுக்கும் விரலுக்கும் ஓய்வே கிடையாது.

திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் பணியை 1806இல் தொடங்கியவர் ரிங்கல்தௌபே. அவர் ஊன்றிய இடம் மயிலாடி. 1818இல் அதே மிஷனின் மீட் நாகர்கோவிலுக்கு வந்தார்; மறு ஆண்டின் இறுதியில் மால்ட் தம்பதியர் வந்தனர். மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தி, எழுத்தோடு ரேந்தையும் கற்றுக் கொடுத்தார். அடிமைக் குடும்பத்துச் சிறுமிகளும் அங்கே படித்தனர். நாற்று நடுவதும் கதிர் அறுப்பதும் அவர்கள் உழைப்பு. நெல்லோ, உழைத்த உடலோ அவர்களுடையதல்ல. ரேந்தை விற்ற காசில் சிலர் தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கினர். திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது அதற்கு வெகுகாலம் கழித்து, 1855இல்தான்.

இப்படி உழைப்பவர் தம் உழைப்பின் விளைவுக்கே வேற்றாளாகிவிடுவதை மார்க்ஸ் 1844இல் எழுதிய கைப்படிகளில் அந்நியமாதல் என்றார். 1867இல் வந்த 'மூலதனம்' நூலிலோ இங்கிலாந்தின் ரேந்தைப் பள்ளிகள் வருகின்றன: காற்றில்லாத குடிசை அறைகளில், ஐந்து வயதுக் குழந்தைகளும் அடைந்து கிடந்து பின்னியதை அதில் படிக்கலாம். அதே திண்டு, அதே ஊசி. ஆகவே கலை தானாக யாரையும் மீட்டுவிடவில்லை. நாகர்கோவிலில் அதோடு எழுத்து சேர்ந்தது, கூலி பின்னியவள் கைக்கே வந்தது. வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் பெரியது.

எல்லையும் இருந்தது. ரேந்தை போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் ஐரோப்பியப் பெண்களின் உடைகளுக்கு. பின்னிய கிறிஸ்தவ நாடார் பெண்களோ குப்பாயம் என்ற சட்டையை அணியலாம்; தோளில் சீலை போடக்கூடாது என்று 1829இல் அரசு ஆணையிட்டது. இந்தத் தடையை ஒட்டித் தோள்சீலைக் கலகம் பெரிதாக வெடித்த பின், 1859இல் மன்னர் உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்த அனுமதி அளித்தார். மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை அதிலும் இருந்தது.