ஒரு வேடம், இருவர்
கதாநாயகனுக்குப் பாட்டு முக்கியமா, நடிப்பு முக்கியமா? வேலையில் இருந்த காலத்தில் கேட்டிருந்தால் "பாட்டுதான்" என்று பட்டென்று சொல்லியிருப்பேன்.

ஜப்பானில் புகழ்பெற்ற 'எலிசபெத்' இசைநாடகத்தைப் பாருங்கள். 1992-இல் வியன்னாவில் அரங்கேறியது. ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத்தை மரணமே ஆணுருவில் வந்து காதலிக்கும் கதை. 1996-இல் பெண்கள் மட்டுமே நடிக்கும் தகராசுகா குழு இதை ஜப்பானில் மேடையேற்றியது. மரணமாக நடித்தவர் இச்சிரோ மாகி.

2000-இல் தோஹோ நிறுவனம் ஆண்களையும் சேர்த்து டோக்கியோவில் நடத்தியபோது, மரண வேடத்துக்கு இருவரைப் போட்டது. முறைவைத்து நடித்தார்கள். யூச்சிரோ யமகுச்சி, ஷிகி குழுவின் இசைநாடகங்களில் பாடிப் பெயர் வாங்கியவர். மசாக்கி உச்சினோ, பூங்காகுசா என்ற வசன நாடகக் குழுவிலிருந்து வந்தவர். ஒருவருக்குக் குரல் பலம், மற்றவருக்கு நடிப்பு பலம்.

எலிசபெத் யார் தெரியுமா? அதே இச்சிரோ மாகி! ஆண் வேடத்துக்குத் தாழ்த்திப் பழகிய குரலைப் பேரரசிக்காக உயர்த்த வேண்டியிருந்தது.

பள்ளி ஆண்டுவிழா நாடகத்தில், நன்றாக நடித்த ஒரு பையனைப் பாட வரவில்லை என்று திருப்பி அனுப்பினேன். விழா இரண்டு நாள். ஒரு நாள் அவனுக்குக் கொடுத்திருக்கலாம். அன்று எனக்குத் தோன்றவில்லை.